தாம்பரம் மாநாடும் செங்கல்பட்டுச் சேரியும்: கிறிஸ்தவ விசுவாசம், படைப்பூக்கம், திறந்த மனம்

1. கேள்வியும் அதன் எல்லையும்

தன் சமயத்தை உறுதியாகக் கடைப்பிடிக்கும் ஒருவர் பிற சமயத்தாரிடமும் பிற சிந்தனைகளிடமும் திறந்த மனத்தோடு இருக்க முடியுமா, அப்படி இருந்தால் அந்த உறுதி நாளடைவில் நீர்த்துப் போகாதா என்ற கேள்வி தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதியதன்று. வீரமாமுனிவர் ‘தேம்பாவணி’யைக் காப்பிய மரபில் பாடிய 18ஆம் நூற்றாண்டிலேயே அது எழுந்துவிட்டது. வைணவராகப் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை வெளியிட்டபோதும் அக்கேள்வி பின்தொடர்ந்தது. இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் தரப்படுகின்றன. திறந்த மனம் விசுவாசத்தின் கூர்மையை மழுக்கிவிடும் என்று சபைக்குள் இருப்போர் பலர் அஞ்சுகின்றனர். உறுதியான விசுவாசம் மனத்தைக் குறுக்கிவிடும் என்று சபைக்கு வெளியே இருப்போர் பலர் கருதுகின்றனர். நேரெதிராகத் தோன்றும் இவ்விரண்டு விடைகளும் ஓர் எடுகோளைப் பகிர்ந்துகொள்கின்றன: விசுவாசம் என்பது ஒருவர் ஒப்புக்கொள்ளும் கோட்பாடுகளின் தொகுப்பு என்பதே அது.

அந்த எடுகோளைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கு ‘கடைப்பிடித்தல்’ என்பது ஜெபம், வேதவாசிப்பு, ஆராதனை, திருவிருந்து, பிறர்பணி ஆகிய நாள்தோறுமான செயல்களைக் குறிக்கும். ‘படைப்பூக்கம்’ என்பது அந்தச் செயல்களுக்குப் புதிய பாட்டையும் புதிய வடிவத்தையும் புதிய சிந்தனையையும் தேடும் ஆற்றலைக் குறிக்கும். ‘திறந்த மனம்’ என்பதில் இரண்டு பொருள்கள் கலந்துகிடக்கின்றன. ஒன்று பிறரின் நூல்களுக்கும் கருத்துகளுக்கும் இடம் தருவது. மற்றொன்று பிற மனிதருக்குத் தன் பந்தியில் இடம் தருவது. முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனை நெடுங்காலம் நம்பியது. வரலாறு அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை.

இதற்கான சான்றுகளைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலையும் புறநகர் ரயில் பாதையும் இணையாக ஓடும் ஊரப்பாக்கத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் உள்ளது தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகம். உலகக் கிறிஸ்தவம் பிற சமயங்களோடு தனக்குள்ள உறவைக் குறித்து நடத்திய மிகக் கடுமையான விவாதம் அங்குதான் நடந்தது. தெற்கே செங்கல்பட்டு வரை நீளும் ஊர்களில் அதற்கு முன்னரே மற்றொரு வரலாறு தொடங்கியிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவு.

2. தாம்பரம், 1938

1837இல் ஒரு சிறிய பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கல்லூரியாக வளர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நகரின் நெரிசலை விட்டு 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு அப்புதிய வளாகத்தில் கூடியது. முதலில் சீனாவின் ஹாங்சோவில் நடப்பதாக இருந்த மாநாடு அது. ஜப்பானியப் படையெடுப்பு காரணமாகத் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. ஜான் ஆர். மாட் தலைமையில் கூடிய அதன் பேராளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்தவர்கள். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்கத் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி அவர்களுள் ஒருவர்.

மாநாட்டுக்கென்றே டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய ‘கிறிஸ்தவரல்லாத உலகில் கிறிஸ்தவச் செய்தி’ என்னும் ஆங்கில நூல் விவாதத்தின் மையமானது. கிரேமரின் நிலைப்பாடு ‘விவிலிய யதார்த்தவாதம்’ எனப்படும். கடவுள் கிறிஸ்துவில் தம்மை வெளிப்படுத்தியது பிற எதனோடும் ஒப்பிட இயலாத நிகழ்வு. சமயங்கள் அனைத்தும், வரலாற்றில் காணப்படும் கிறிஸ்தவம் உட்பட, மனித முயற்சிகள். ஆகவே இந்து சமயத்தின் உயர்ந்த சிந்தனையிலிருந்து படிப்படியாக ஏறிக் கிறிஸ்துவை அடைய முடியாது என்பது அதன் சாரம். கடவுளின் வெளிப்பாட்டுக்கும் மனித சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்னும் இக்கருத்து, அதற்கு முன் சென்னையில் வேரூன்றியிருந்த மற்றொரு மரபை நேரடியாக மறுத்தது. 1862 முதல் 1907 வரை கல்லூரியை வழிநடத்திய வில்லியம் மில்லர், மாணவரை மதம் மாற்றுவதைவிட, கிறிஸ்தவ விழுமியங்கள் இந்தியச் சமூகத்தில் பரவிக் கலப்பதே கல்லூரியின் பணி என்று கருதியவர்.

கிரேமருக்கு மிக நுட்பமான மறுமொழி அதே கல்லூரியிலிருந்து வந்தது. 1903இல் சென்னைக்கு வந்து, 1928 முதல் 1938 வரை முதல்வராக இருந்த ஏ.ஜி. ஹாக், ‘விசுவாசம்’ என்பதையும் ‘விசுவாசக் கோட்பாடுகள்’ என்பதையும் பிரித்தார். கோட்பாடுகள் சமயத்துக்குச் சமயம் வேறுபடலாம், சில தவறாகவும் இருக்கலாம். ஆனால் கடவுளை நாடி அவர்மேல் சார்ந்து வாழும் விசுவாசம் பிற சமயத்தாரிடமும் மெய்யாகவே இருக்கக்கூடும், அதற்குக் கடவுள் மறுமொழி தருகிறார் என்று அவர் வாதிட்டார். இது ஒரு தாராள மனத்தவரின் பொதுப்படையான நல்லெண்ணம் அன்று. ஹாக் 1904–05இல் கல்லூரி இதழில் ‘கர்மமும் மீட்பும்’ என்னும் தலைப்பில் தொடர் எழுதி, கர்மக் கோட்பாட்டைக் கடுமையாக ஆராய்ந்தவர். வேறுபாடு எங்கே கூர்மையாக இருக்கிறதோ அங்கேயே உரையாட வேண்டும் என்று எண்ணியவர். அக்காலத்தில் அவரிடம் பயின்ற ச. இராதாகிருஷ்ணன், வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற கிறிஸ்தவ விமர்சனத்துக்கு மறுமொழியாகவே தம் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். ஆசிரியரின் மறுப்பு மாணவரின் மறுப்பை உருவாக்கியது. அந்த மாணவரின் திறமையை ஆசிரியர் மனமாரப் பாராட்டினார். உறுதியும் திறந்த மனமும் ஒரே வகுப்பறையில் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கிரேமரையும் இங்கே நியாயமாக மதிப்பிட வேண்டும். பிற சமயங்களோடு தொடர்ச்சி இல்லை என்று வாதிட்ட அவர், 1922 முதல் ஜாவாவில் வேதாகமச் சங்கத்துக்காகப் பணியாற்றி, அம்மக்களின் மொழியையும் இஸ்லாமிய வாழ்வையும் ஆழ்ந்து கற்றவர். பிற சமயத்தாரோடு கிறிஸ்தவர் சந்திக்கும் உண்மையான தொடுபுள்ளி எது என்ற கேள்விக்கு, மிஷனரியின் மனப்பாங்கும் நடத்தையுமே அது என்று அந்த நூலிலேயே அவர் விடை சொல்கிறார். கோட்பாட்டில் மிக இறுக்கமானவராக அறியப்பட்டவரே, கடைசியில் சந்திப்பின் வாசலைக் கோட்பாட்டில் வைக்காமல் மனிதரின் நடத்தையில் வைத்தார். கிரேமர்–ஹாக் விவாதத்தைத் ‘தொடர்ச்சி’, ‘தொடர்ச்சியின்மை’ என்று இரண்டு கட்சிகளாக மட்டும் பிரித்து எழுதிவந்த இறையியல் வரலாறுகள் இந்த இடத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

இந்த முடிவை லெஸ்லி நியூபிகினின் காஞ்சிபுர அனுபவம் வலுப்படுத்துகிறது. பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராகிய அவர், இளம் மிஷனரியாக இருந்தபோது காஞ்சிபுரம் இராமகிருஷ்ண மடத்தில் வாரந்தோறும் ஒரு மாலை, துறவிகளோடு தரையில் அமர்ந்து உபநிடதங்களையும் நற்செய்தி நூல்களையும் சேர்ந்து படித்தார். அம்மடத்தின் கூடத்தில் சமயப் பெரியோர் படங்களோடு இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடும் நடந்தது. இயேசுவை இப்படிப் பலருள் ஒருவராகச் சேர்த்துக்கொள்வது அவரை உள்ளபடி ஏற்பதாகாது என்று நியூபிகின் 1989இல் வெளிவந்த நூலில் உறுதியாக எழுதினார். அவர் உடன்படவில்லை, ஆயினும் வாரந்தோறும் போனார். உடன்பாடு இல்லாத இடத்துக்குத் தொடர்ந்து போவதே திறந்த மனத்தின் கடினமான வடிவம். எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிட்டு எங்கும் போகாமலிருப்பது எளிது.

3. மறுசிந்தனைக் குழுவின் துணிவு

மாநாட்டுக்குச் சற்று முன்னர், அதே 1938இல், சென்னையில் ஒரு கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. ஜி.வி. ஜோப், பி. செஞ்சையா, வி. சக்கரை, டி.எம். தேவசகாயம், எஸ். ஜேசுதாசன், எட்டி ஆசீர்வாதம், ஏ.என். சுதரிசனம் ஆகியோர் எழுதிய ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தித்தல்’ என்னும் அந்த ஆங்கிலத் தொகுதியின் பெயராலேயே அவர்கள் ‘மறுசிந்தனைக் குழு’ எனப்பட்டனர். கிரேமரின் நூலுக்குச் செஞ்சையா எழுதிய விரிவான மதிப்புரையும் அதில் பின்னிணைப்பாக இருந்தது.

செஞ்சையா (1886–1959) நெல்லூரில் பிறந்து, கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தவர். தொழில்முறை இறையியலாளர் அல்லர். மேற்குலகச் சபைகள் வகுத்த நம்பிக்கை அறிக்கைகளுக்கும் சபை அமைப்புக்கும் முன்னதாக, இயேசு என்னும் வரலாற்று நிகழ்வை நேரடியாக எதிர்கொள்ள வேண்டும் என்பது அவருடைய முறை. இயேசுவில் மனித இனத்தின் ஒரு புதிய தொடக்கம் நிகழ்ந்துள்ளது. பாவமன்னிப்போடு நிற்காமல் மனிதர் புதுப்பிறவிகளாக மாறுவதே நற்செய்தி. பரிசுத்த ஆவி அந்தப் புதுப்படைப்பின் ஆற்றல் என்று அவர் எழுதினார். அரவிந்தரின் யோகமும், கும்பகோணத்தைச் சேர்ந்த சி.வி.வி. என்னும் யோக ஆசிரியரின் பயிற்சிகளும் இச்சிந்தனைக்கு ஊக்கம் தந்தன. கிறிஸ்தவராகிய ஓர் இந்தியர், தம்மை வளர்த்த இந்து மரபைப் பகையாகக் கருதாமல் ஆன்மிகத் தாயாகக் கருத முடியும் என்றும் அவர் கூறினார்.

இங்கே படைப்பூக்கம் விசுவாசத்துக்கு மேற்பூச்சாக வரவில்லை. விசுவாசத்தின் உள்ளடக்கமாகவே வந்துள்ளது. கடவுளின் செயல் புதுப்படைப்பு என்றால், பழைய வடிவங்களைக் காத்துவைப்பது விசுவாசத்தின் முதல் கடமையாக இருக்க முடியாது. இந்தியக் கிறிஸ்தவ எழுத்தில் இந்த அளவு துணிவு அரிது. இயேசுவை அவதாரமாகக் கொண்டு, அந்த அவதாரம் ஒருமுறை வந்து மறைந்துவிடாமல் ஆவியின் வழியாக நிலைத்து நிற்கிறது என்று விளக்கிய சக்கரையிடமும் (1880–1958) இதே துணிவு உண்டு.

எனினும் குறைகளும் உண்டு. செஞ்சையா சபை அமைப்பைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால் ஞாயிறுதோறும் கூடிப் பாடும் எளிய மக்களின் வழிபாட்டுக்கு மாற்றாக அவர் தந்தது தனிமனிதரின் யோகப் பயிற்சியையே. தொகுதியின் ஆசிரியர்களில் பலர் வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள். அவர்கள் மனத்தில் இருந்த ‘இந்து’ பெரும்பாலும் வேதாந்தமும் கீதையும் படித்த இந்து. சக்கரை சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் முன்னணியில் நின்று மாநகர மேயராகவும் இருந்தவர்; உழைப்பவரின் வாழ்க்கையை அறிந்தவர். ஆயினும் தொழிற்சங்க மேடையின் மொழி அவருடைய இறையியலுக்குள் ஏன் போதிய அளவு நுழையவில்லை என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

குழுவில் கடைப்பிடித்தலை மையமாக வைத்தவர் ஜேசுதாசன். மருத்துவரான அவரும் ஸ்காட்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். ஊரார் ஒருவரைப் பெரியண்ணன் என்றும் மற்றவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். ஆட்சியாளரின் இனத்தைச் சேர்ந்தவர் சின்னண்ணன். திராவிடக் கோயில் அமைப்பில் எழுந்த அவர்களுடைய ஆலயத்தைப் பற்றிக் கலை வரலாறுகள் பேசுகின்றன. காலனிய ஆட்சிக் காலத்தில் ஓர் ஐரோப்பியர் தமிழருக்குத் தம்பியாகி நின்ற அந்த உறவுமுறை, கோபுரத்தைவிடப் பெரிய படைப்பு.

4. தஞ்சையிலிருந்து ஓர் எச்சரிக்கை

படைப்பூக்கம் இருக்கும் இடத்தில் திறந்த மனமும் இருக்கும் என்ற எண்ணம் எவ்வளவு ஐயத்துக்குரியது என்பதற்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) வாழ்க்கை சான்று. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்டு, இரண்டாம் சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்ற அவர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ முதலான நூல்களாலும் எண்ணற்ற கீர்த்தனைகளாலும் சீர்திருத்தச் சபைத் தமிழ் வழிபாட்டுக்கு இசைமொழியை வகுத்துத் தந்தவர். கிறிஸ்தவர் தமிழராகவே நின்று பாடலாம் என்பதை நிறுவியவர் அவரே.

1820களின் இறுதியில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனரிகளோடு அவருக்கு ஏற்பட்ட மோதலை டென்னிஸ் ஹட்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு விரிவாகப் பதிவு செய்கிறது. அவருடைய முறையீடுகள் நான்கு: பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, திருமணத்திலும் அடக்கத்திலும் பூக்களை விலக்கியது, ஆராதனையிலிருந்து தமிழிசையை நீக்க முயன்றது, வெவ்வேறு சாதியாரைச் சபையில் ஒன்றாக அமரவைக்க வற்புறுத்தியது. இன்றைய வாசகர் முதல் மூன்றில் சாஸ்திரியாரின் பக்கம் நிற்பார். பூவையும் பாட்டையும் மறுத்த மிஷனரிகளின் குறுகிய மனத்தைக் கண்டிப்பார். நான்காவதில் நிலை தலைகீழாகிறது. சபையின் இசையை மிக விரிவாகத் திறந்தவர் சபையின் அமர்விடத்தைத் திறக்க மறுத்தார். பாட்டைப் புரிந்துகொள்ளாதவர்கள் பந்தியைப் புரிந்துகொண்டார்கள்.

இந்த முரணைச் சாஸ்திரியாரின் தனிப்பட்ட குறையாகச் சுருக்குவது நேர்மையன்று. அவருக்குப் பண்பாடு என்பதும் சாதி ஒழுக்கம் என்பதும் ஒரே துணியாகத் தெரிந்தன. ஒன்றைக் காக்க நினைத்தவர் மற்றதையும் காத்தார். பண்பாட்டுமயமாதல், அதாவது விசுவாசத்தை ஒரு மண்ணின் வடிவங்களில் வேரூன்றச் செய்தல், எப்போதும் சுமக்கும் ஆபத்து இதுவே. மண்ணின் வடிவங்கள் என்று சொல்லும்போது, அந்த மண்ணில் யாருடைய வடிவங்கள் என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது.

5. செங்கல்பட்டின் மற்ற அண்டைவீட்டார்

அந்த விடுபட்ட கேள்வியைச் செங்கல்பட்டு மாவட்டம் வேறெந்த இடத்தையும்விட முன்னதாகவே கேட்டது. 1891இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். நிலமின்மை, பண்ணையடிமை முறை, குடியிருக்கும் மனைமீதுகூட உரிமையின்மை ஆகியவற்றை அது பதிவு செய்தது. 1892இல் பிறந்த அரசாணை, பின்னர் ‘பஞ்சமி நிலம்’ எனப் பெயர்பெற்ற நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படையானது. இதற்கு முன்னும் பின்னும் இப்பிரச்சினையைத் தொடர்ந்து எழுப்பியவர்களில், செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சுதந்திரச் சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் மெதடிஸ்ட் சபையின் வில்லியம் கௌடியும் முக்கியமானவர்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றை ஆவணங்களோடு நிறுவுவதோடு, மிஷனரிகள் சாதியைப் பெரும்பாலும் ஆன்மிகக் குறையாகப் பார்த்து அதன் பொருளாதார அடித்தளத்தைத் தயங்கியே தொட்டனர் என்பதையும் விமர்சனத்தோடு காட்டுகிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஆண்ட்ரூவைச் செங்கல்பட்டுக்கு அனுப்பிய அதே சுதந்திரச் சபைதான் மில்லரின் கல்லூரியையும் நடத்தியது. ஒரே மிஷனின் ஒரு கை, உயர்சாதி மாணவரோடு ஷேக்ஸ்பியரையும் வேதாந்தத்தையும் பேசியது. மற்றொரு கை, சேரி மக்களுக்காக மனைப்பட்டா கேட்டு மனு எழுதியது. 1938இல் தாம்பரத்தில் கூடியோர் பிற சமயங்களைப் பற்றி வாதிட்டபோது, முதல் கையின் அனுபவமே விவாதப் பொருளாயிற்று. வளாகத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் எல்லையம்மனுக்குப் பொங்கலிட்டு, பறை முழக்கி, கூலிக்கு ஏர் உழுத மக்களின் சமயம் ‘இந்து சமயம்’ என்ற சொல்லுக்குள் அடங்கவேயில்லை. அவர்களிடமிருந்து சபைக்கு வந்தவர்களே தமிழ்நாட்டுக் கிறிஸ்தவரில் பெரும் பகுதியினர் என்பதை எண்ணும்போது இந்த விடுபடல் சிறியதாகத் தோன்றவில்லை.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1988 ஜனவரியில், உலகத் திருச்சபைகள் மன்றம் அதே தாம்பரத்தில் நினைவுக் கலந்தாய்வு ஒன்றை நடத்தியது. யாழ்ப்பாணத் தமிழரான வெஸ்லி அரியராஜா அப்போது மன்றத்தின் பிறசமய உரையாடல் பிரிவை வழிநடத்தினார். சமயவியல் அறிஞர்களான வில்ஃபிரெட் கேன்ட்வெல் ஸ்மித், டயானா எக் ஆகியோரும் நியூபிகினும் பங்கேற்றனர். விவாதம் இம்முறை மென்மையாகவும் செறிவாகவும் இருந்தது. ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1981இல், இறையியலாளர் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் ஆற்றிய உரை தலித் இறையியலுக்குத் தொடக்கமிட்டிருந்தது. இந்தியக் கிறிஸ்தவ இறையியல் பிராமணிய மரபோடு உரையாடுவதிலேயே தன் ஆற்றலைச் செலவிட்டுவிட்டது என்ற குற்றச்சாட்டு, தாம்பரத்தின் இரண்டு கட்சிகளுக்கும் சமமாகப் பொருந்தியது.

6. பறையும் உலையும்

அந்தக் குற்றச்சாட்டுக்குச் செயலால் விடை தந்தவர்களில் ‘பறட்டை’ என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்ட ஜே. தியோபிலஸ் அப்பாவு முதன்மையானவர். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த அவர், கர்நாடக இசையும் மேற்கத்திய ஞானப்பாட்டும் கோலோச்சிய ஆராதனையில் கிராமிய மெட்டுகளையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்தார். முழு வழிபாட்டு ஒழுங்கையே நாட்டுப்புற இசையில் அமைத்தார். அவருடைய இசையை ஆராய்ந்த ஸோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூல் அழுத்திச் சொல்லும் கருத்து ஒன்றுண்டு: நாட்டுப்புறப் பாட்டை அதைப் பாடுவோரே மாற்றலாம், வரி சேர்க்கலாம், தம் ஊருக்கேற்பத் திருத்தலாம்; ஆகவே கிராமத்து மக்கள் வெறும் பாடகராக நில்லாமல் இறையியலை ஆக்குவோராகவும் ஆகின்றனர். கீர்த்தனைக்கு ராகமும் தாளமும் கற்ற ஒருவர் தேவை. பயிற்சி பெறாதவர் அதைத் தொட்டால் பிழையாகிவிடும். படைப்பூக்கம் சிலரின் உடைமையிலிருந்து பலரின் உடைமையாவது இந்த வேறுபாட்டில்தான்.

அப்பாவுவின் சிந்தனையில் மற்றொரு மையம் ‘ஒரே உலை’. பல வீட்டு அரிசியை ஒரே உலையில் இட்டுப் பொங்கிச் சேர்ந்து உண்பது, திருவிருந்தின் பொருளை விளக்கும் செயலாக அவருக்குத் தோன்றியது. சாதி என்பது யார் யாரோடு உண்ணலாம் என்ற விதியில் உயிர்வாழ்கிறது. அந்த விதியை உடைக்காத திருவிருந்து வெறும் சடங்கு. தஞ்சையில் 1820களில் பிளவுபட்டுப்போன பாட்டும் பந்தியும் இங்கே மீண்டும் ஒன்றாயின என்று மதிப்பிடுவது மிகையன்று.

செங்கல்பட்டுப் பகுதிப் பறையர் மக்களிடையே பணியாற்றிய அனுபவத்திலிருந்து சத்தியநாதன் கிளார்க் எழுதி 1998இல் வெளியான ‘தலித்துகளும் கிறிஸ்தவமும்’ என்னும் ஆங்கில நூல் இதே திசையில் மேலும் செல்கிறது. எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்குப் பறையே வேதமாக, இறைவனோடு பேசும் ஊடகமாக இருந்தது என்றும், கிறிஸ்துவின் உடனிருப்பை அந்த முழக்கத்தில் காணலாம் என்றும் அது வாதிடுகிறது. இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பும் உண்டு. சாவு வீட்டில் கட்டாயமாகப் பறையடிக்க வைக்கப்பட்ட மக்களுக்கு அக்கருவி இழிவின் அடையாளம். பறையடிக்க மறுத்ததே பல ஊர்களில் விடுதலைப் போராட்டமாக இருந்தது. அப்படி மறுத்த குடும்பத்தாரிடம், கல்லூரியில் படித்தவர் பறையை ஆலயத்துக்குள் கொண்டுவரச் சொல்வது புதிய வற்புறுத்தலாகலாம். பறையை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை அம்மக்களிடமே இருக்க வேண்டும் என்பதே இங்கு ஏற்கத்தக்க நிலை. அப்பாவுவின் முறையும் அடிப்படையில் அதையே கோருகிறது.

கலை இன்னொரு திசையிலும் பயணம் செய்திருக்கிறது. மாமல்லபுரம் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தோடும் அதன் தாயான சென்னைக் கலைப் பள்ளியோடும் தொடர்புடைய எஸ். தனபால், பி.வி. ஜானகிராம் போன்ற சிற்பிகள் கிறிஸ்துவைப் பலமுறை வடித்தனர். மாமல்லபுரத்துக் கல்தச்சர் பட்டறைகளில் இன்றும் அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் அருகில் மாதாவும் இயேசுவும் உருப்பெறுகின்றனர். கிறிஸ்தவர் பிறரிடமிருந்து வடிவங்களைப் பெற்றதைப் பற்றி இறையியல் நிறையப் பேசியுள்ளது. பிறர் கிறிஸ்துவிடமிருந்து எதைப் பெற்றுத் தம் கையால் வடித்தனர் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியுள்ளது.

நிலத்தின் கேள்வியும் முடிந்துவிடவில்லை. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நில மீட்புக்காக நடந்த போராட்டத்தை ஒட்டி, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். 1892இன் அரசாணை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் இரத்தம் கேட்டது.

7. ஊரப்பாக்கத்துச் சபைகளுக்கு

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் வரிசையில் இன்று வளர்ந்துள்ள கிறிஸ்தவச் சமூகம் பெரும்பாலும் குடிபெயர்ந்தோரின் சமூகம். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து வேலைக்காக வந்தோர் தத்தம் பாட்டையும் ஜெபமுறையையும் கூடவே கொண்டுவந்தனர். சில நேரம் சாதியையும் கொண்டுவந்தனர். தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கப் பங்குகள், லுத்தரன் சபை ஆகியவற்றோடு வாடகை மாடிகளில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகளும் இங்கு அடர்ந்துள்ளன. பிற சமயங்களைப் பற்றிய கருத்தில் இச்சபைகளில் பல கிரேமரைவிட இறுக்கமானவை. ஆனால் சாரா நவரோஜி அம்மையார் போன்ற பெண்கள் பாட்டெழுதிப் பாடிச் சபையையும் நடத்த இடம் தந்த மரபு அவர்களுடையது. படிப்பறிவில்லாத ஒருவர் எழுந்து சாட்சி சொல்லவும் தம் மெட்டில் பாடவும் அங்கு வழி உண்டு. நூல்களுக்குத் திறந்திருந்த மறுசிந்தனைக் குழு பந்திக்குப் போதிய அளவு திறந்திருக்கவில்லை. நூல்களுக்கு மூடியிருக்கும் இச்சபைகள் பந்தியை ஓரளவு திறந்துவைத்துள்ளன. இரண்டையும் ஒருசேர அளக்காத எந்த மதிப்பீடும் அரைகுறையானதே.

ஆய்ந்த சான்றுகள் தொடக்கத்தில் சொன்ன எடுகோளை ஆதரிக்கவில்லை. ஹாக், நியூபிகின், ஜேசுதாசன், அப்பாவு ஆகிய நால்வரும் ஜெபத்திலும் வழிபாட்டிலும் ஊன்றி நின்றவர்கள். அவர்களுடைய திறந்த மனம் அந்த ஊன்றுதலிலிருந்தே பிறந்தது. அதே வேளையில், ஊன்றுதல் மட்டும் போதாது என்பதைச் சாஸ்திரியாரின் வாழ்க்கை உறுதி செய்கிறது. கடவுளைப் பற்றிய கருத்து எவ்வளவு விரிந்தது என்று கேட்பதற்கு முன், திருவிருந்தில் யார் யாருக்கு அருகில் முழந்தாளிடுகிறார்கள், யாருடைய மெட்டில் சபை பாடுகிறது, யாருடைய நிலத்துக்காகச் சபை வாய் திறக்கிறது என்று கேட்பதே சரியான வரிசை.

இந்தப் பகுதிச் சபைகளின் ஆயர்களும் போதகர்களும் உடனடியாகச் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. தங்கள் சபையார் இயற்றிப் பாடும் பாடல்களை, இயற்றியவர் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் எழுதிவையுங்கள்; கிராமிய மெட்டில் வந்தவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள்; ஒரு பிரதியைக் கிறிஸ்தவக் கல்லூரி நூலகத்துக்கோ மதுரை இறையியல் கல்லூரிக்கோ கொடுங்கள். தாம்பரத்தின் வரலாறு மாநாட்டுத் தொகுதிகளில் அச்சாகி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் பாடியோரின் வரலாறும் அச்சேற வேண்டும்.